டவுன்லோடா, ஸ்ட்ரீமிங்கா: ஆண்டின் முதல் பாட்டை எதை வைத்துச் சொல்வது?

ஆப்பிளின் இணைய இசைக் கடையான ஐட்யூன்ஸ் 2003 ஏப்ரலில் திறந்தபோது ஒரு பாட்டு 99 சென்ட். காசு கொடுத்தால் ஒரு விற்பனை, அவ்வளவுதான். வாங்கியவர் ஆயிரம் தடவை கேட்டாலும் ஒன்று, வாங்கிப் போட்டுவிட்டு மறந்தாலும் ஒன்று. 2006-ல் நார்ல்ஸ் பார்க்லியின் 'கிரேஸி' வெறும் டவுன்லோடை வைத்தே பிரிட்டன் பாட்டுப் பட்டியலில் முதலிடம் பிடித்தது.

ஸ்ட்ரீமிங்கில் ஒவ்வொரு தடவை கேட்பதும் கணக்கில் ஏறும். அதை 'விற்பனை'யாக மாற்றும் இடத்தில்தான் சிக்கல். பிரிட்டன் பட்டியலில் 2014 ஜூலையில் 100 ஸ்ட்ரீம் ஒரு விற்பனைக்குச் சமம் என்றார்கள்; 2017-ல் அதையே 150 ஆக்கினார்கள். அளவுகோலே நீளும்போது இரண்டு ஆண்டுகளின் எண்களை எப்படிப் பக்கத்தில் வைப்பது? 2017-ல் எட் ஷீரனின் 'ஷேப் ஆஃப் யூ' உலக அளவில் பெற்ற 2.66 கோடி 'விற்பனை', டவுன்லோடும் ஸ்ட்ரீமும் கலந்த எண். பழைய டவுன்லோட் எண்களோடு அதை மோதவிட்டு 'சாதனை' என்பதை நான் ஏற்கமாட்டேன்.

ரசிகர் படை முதல் வாரத்திலேயே வாங்கிக் குவித்தால் டவுன்லோட் பட்டியல் ஆடிவிடும். ஸ்ட்ரீமிங்கை அப்படி ஒரே வாரத்தில் ஏமாற்றுவது கடினம். மாதக்கணக்கில் கேட்கப்படும் பாட்டுக்குத்தான் அது சாதகம். எது மக்கள் பாட்டு என்று கேட்டால் என் ஓட்டு ஸ்ட்ரீமிங்குக்கே. ஆனால் நவம்பரில் வந்த பாட்டுக்கு அதில் நியாயமே இல்லை: ஜனவரிப் பாட்டுக்குப் பன்னிரண்டு மாதம், இதற்கு இரண்டே மாதம். பழைய பாட்டுக்கோ நேரம் தாராளம்: 1994-ல் வந்த மரியா கேரியின் கிறிஸ்துமஸ் பாட்டு, 2019 டிசம்பரில் அமெரிக்கப் பட்டியலின் உச்சிக்கே போனது!