ஜிபிஏ 3.2, ‘ஆசியர்’ என்ற கட்டம்: அமெரிக்க மருத்துவக் கல்லூரிக்கு எந்த வழி?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பிப்ரவரி இரவு. நியூஜெர்சியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் என் அண்ணன் மகன் தன் கல்லூரி மதிப்பெண் பட்டியலான டிரான்ஸ்கிரிப்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். 120 கிரெடிட் (படித்த பாடங்களின் அளவு), ஜிபிஏ எனப்படும் சராசரி மதிப்பெண் நான்குக்கு 3.2. ஆர்கானிக் கெமிஸ்ட்ரி முதல் பாதியில் சி பிளஸ், இயற்பியலில் பி மைனஸ். எம்கேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வில் மட்டும் 511, நல்ல மதிப்பெண். அண்ணன் போனில் கேட்டது ஒரே கேள்விதான்: “நம்ம பிள்ளைங்கன்னா கூடுதலா மார்க் வேணுமாமே, உண்மையா?”

இங்கே மருத்துவத்துக்குத் தயாராகும் ப்ரீ-மெட் பிள்ளைகள் இருக்கும் தமிழ் வீடுகள் பலவற்றில் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறேன். முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் வழிகளை ஒப்பிடலாம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டுதான் பல வீடுகளில் ஒரு வருஷத்தைத் தொலைக்கிறார்கள்.

விண்ணப்பத்தில் இனத்தைக் குறிக்கும் அந்தக் கட்டத்துக்கு எவ்வளவு கனம்?

அண்ணன் கேட்டது உண்மையாகத்தான் இருந்தது. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் ஜிபிஏ, எம்கேட் அட்டவணையை இனவாரியாகவே வெளியிட்டு வந்தது. 2013 முதல் 2016 வரையிலான கணக்கில், ஜிபிஏ 3.40 முதல் 3.59 வரை, பழைய அளவுகோலில் எம்கேட் 27 முதல் 29 வரை வாங்கியவர்களை மட்டும் எடுத்துப் பாருங்கள். ஆசியர்களில் ஏறக்குறைய 21 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது. வெள்ளையர்களில் 29, ஹிஸ்பானிக் இனத்தவரில் சுமார் 60, கறுப்பினத்தவரில் சுமார் 81.

இந்த நான்கு எண்களோடு பேச்சை நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. அதே ஆண்டுகளில் மொத்தமாகப் பார்த்தால் கறுப்பின விண்ணப்பதாரர்களில் இடம் கிடைத்தவர்களின் விகிதம் ஆசியர்களுடையதை விடக் குறைவுதான். அந்த மதிப்பெண் வரம்புக்குள் இருந்த கறுப்பினப் பிள்ளைகளின் எண்ணிக்கையும் ஆசியர்களோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. அதோடு, ஹோவர்ட், மெஹாரி, மோர்ஹவுஸ் போன்ற கல்லூரிகள் கறுப்பின மருத்துவர்களை உருவாக்கவே பாடுபடுகிறவை. அவை தரும் இடங்களும் இந்தக் கணக்கில் சேரும்.

கொஞ்சம் வரலாறும் பார்க்க வேண்டும். மருத்துவக் கல்லூரிகளின் தரத்தை ஆராய்ந்து 1910-இல் வந்த ஃப்ளெக்ஸ்னர் அறிக்கைக்குப் பிறகு, அன்று இருந்த ஏழு கறுப்பின மருத்துவக் கல்லூரிகளில் ஐந்து மூடப்பட்டன. ஹோவர்டும் மெஹாரியும் மட்டும் மிஞ்சின. மக்கள்தொகையில் 13 சதவீதத்துக்கு மேல் இருக்கும் கறுப்பினத்தவர் மருத்துவர்களில் 6 சதவீதம்கூட இல்லாததற்கு அந்த ஐந்து கதவுகளும் ஒரு காரணம். இதன் விளைவு நோயாளிவரை போகிறது. கலிபோர்னியாவின் ஓக்லண்டில் நடந்து 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கறுப்பின ஆண்கள் கறுப்பின மருத்துவரிடம் பேசிய பிறகு நோய்த்தடுப்புப் பரிசோதனைகளுக்குக் கூடுதலாக ஒப்புக்கொண்டார்கள். சர்க்கரை, கொலஸ்ட்ரால் போன்ற சாதாரணப் பரிசோதனைகள்தான். “நம்ம இடத்தை அவங்க எடுத்துக்கிட்டாங்க” என்று நம் வீடுகளில் யாராவது ஆரம்பித்தால் நான் இதைத்தான் சொல்வேன்.

சரி, அது பழைய கணக்கு. 2023 ஜூன் 29 அன்று ஹார்வர்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் இனத்தைக் கணக்கில் எடுத்துச் சேர்க்கை நடத்தக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. மருத்துவக் கல்லூரிகளுக்கும் அது பொருந்தும். அதன் பிறகு 2024-இல் சேர்ந்த முதல் தொகுதியில் கறுப்பின மாணவர் எண்ணிக்கை 11.6 சதவீதமும் ஹிஸ்பானிக் மாணவர் எண்ணிக்கை 10.8 சதவீதமும் குறைந்தன. ஆகவே 2013 அட்டவணையை வைத்து இன்றைக்குக் கணக்குப் போடாதீர்கள். கலிபோர்னியாவின் அரசுக் கல்லூரிகளுக்கு இந்தத் தடை 1996-இல் வாக்கெடுப்பில் நிறைவேறிய 209-ஆம் முன்மொழிவிலிருந்தே இருக்கிறது. 1978-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த, ஆலன் பாக்கி என்பவர் தொடுத்த வழக்கு, அங்குள்ள டேவிஸ் மருத்துவக் கல்லூரி நூற்றில் 16 இடங்களைச் சிறுபான்மையினருக்கு ஒதுக்கியதால் வந்தது. அதே டேவிஸ் இப்போது குடும்ப வருமானம், பெற்றோர் படிப்பு போன்றவற்றை வைத்து 0 முதல் 99 வரை ஓர் அளவு போடுகிறது. டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கு அதில் பூஜ்யம்தான்.

தீர்ப்பு ஒன்றை விட்டுவைத்தது: இனம் தன் வாழ்க்கையை எப்படித் தொட்டது என்று மாணவர் கட்டுரையில் எழுதலாம். ‘ஆசியர்’ என்ற ஒரே கட்டத்துக்குள் ஹெச்-1பி பொறியாளர் மகனும் இருக்கிறான், மின்னசோட்டாவின் மோங் இன அகதி வீட்டுப் பிள்ளையும் இருக்கிறாள், யாழ்ப்பாணத்திலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்களின் பேத்தியும் இருக்கிறாள். கட்டம் அவர்களைப் பிரித்துக் காட்டாது, கட்டுரை காட்டும். என் மருமகன் முதலில் எழுதியது திருவாரூர்ப் பாட்டியின் சர்க்கரை நோய். நம் பிள்ளைகள் பலரும் எழுதுவது அதுதான். “நீ அவங்களை மூணு தடவைதான்டா பார்த்திருக்க” என்றேன். அதை எடுத்துவிட்டு, டயாலிசிஸ் மையத்துக்கு முதியவர்களை வண்டியில் கூட்டிப்போன இரண்டு வருஷத்தைப் பற்றி எழுதினான். அது அவனுடையது.

இன்னொன்று. நிறத்துக்கு முன்னால் கிரீன் கார்டு வந்து நிற்கிறது. ஹெச்-1பி பெற்றோரைச் சார்ந்த ஹெச்-4 விசாவில் வளர்ந்த பிள்ளையைக் கல்லூரிகள் வெளிநாட்டு மாணவராகவே எடுத்துக்கொள்கின்றன. அரசு மருத்துவக் கல்லூரிகள் பெரும்பாலானவை அவர்களின் விண்ணப்பத்தைப் பார்ப்பதே இல்லை. 21 வயதானதும் அந்த விசாவும் போய்விடும். பிள்ளை பத்தாம் வகுப்பில் இருக்கும்போதே பெற்றோர் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது.

பழுது பார்ப்பது: போஸ்ட்-பேக்கா, ஓராண்டு முதுகலையா?

கட்டம் நம் கையில் இல்லை, டிரான்ஸ்கிரிப்ட் இருக்கிறது. எம்டி என்ற அடிப்படை மருத்துவப் பட்டம் தரும் கல்லூரிகளில் சேர்பவர்களின் சராசரி ஜிபிஏ 3.8-ஐயும் எம்கேட் 512-ஐயும் ஒட்டி இருக்கிறது. 3.2 அதிலிருந்து ரொம்ப தூரம்.

அன்றிரவு கால்குலேட்டரை எடுத்தோம். 120 கிரெடிட்டில் 3.2 என்றால் 384 புள்ளி. இளங்கலை முடித்த பிறகு எடுக்கும் கூடுதல் பாடங்களான போஸ்ட்-பேக்கில் இன்னும் 30 கிரெடிட் எடுத்து எல்லாவற்றிலும் ஏ வாங்கினாலும் 504-ஐ 150-ஆல் வகுத்தால் 3.36. “அத்தை, இது ஏறவே மாட்டேங்குது” என்றான். முகம் வாடிவிட்டது. அப்புறம் அறிவியல் ஜிபிஏவைத் தனியாகப் போட்டோம். விண்ணப்பத்தைக் கையாளும் ஆம்காஸ் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதத்தைப் பிரித்து ஒரு கணக்குப் போடும். அவனுக்கு அதில் 50 கிரெடிட், 3.0. அந்த 30-ஐயும் அறிவியலிலேயே எடுத்து ஏ வாங்கினால் 270-ஐ 80-ஆல் வகுக்கலாம், 3.375. மொத்தம் 0.16 ஏறும் இடத்தில் அறிவியல் 0.375 ஏறுகிறது. அதோடு ஆம்காஸ் போஸ்ட்-பேக் மதிப்பெண்ணைத் தனி வரியாகவும் காட்டும். மேலே சி பிளஸ் கிடக்க, கீழே 4.0 என்ற வரியைப் பார்க்கிறவர் இவன் இப்போது எப்படிப் படிக்கிறான் என்று புரிந்துகொள்வார்.

எஸ்எம்பி என்று சொல்லும் ஓராண்டு முதுகலை வேறு மாதிரி. ஜார்ஜ்டவுன் 1970-களிலேயே தொடங்கிய முறை. மருத்துவக் கல்லூரி முதலாம் ஆண்டுப் பாடங்களையோ அதே தரத்தில் உள்ளவற்றையோ படிக்க வேண்டும். நன்றாகச் செய்தால் இதைவிடப் பலமான சான்று கிடையாது. சில இடங்களில் அந்தக் கல்லூரியின் நேர்முகத் தேர்வுக்கே அழைப்பு உண்டு. ஆனால் இந்த மதிப்பெண் இளங்கலை ஜிபிஏவில் சேராது, முதுகலை வரியில் தனியாக நிற்கும். 3.2 அப்படியே 3.2-ஆக இருக்கும். செலவும் போஸ்ட்-பேக்கை விடப் பெரும்பாலும் கூடுதல். எனக்கு உறுத்துவது இதுதான்: எஸ்எம்பியில் பி மைனஸ் வாங்கினால், மருத்துவப் பாடம் இவனுக்கு வராது என்று நாமே பணம் கட்டி எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

என் கணிப்பு இது. அறிவியல் பாடங்களில் ஓட்டை இருந்தால் போஸ்ட்-பேக், உள்ளூர் அரசுப் பல்கலைக்கழகத்தில் எடுத்தால் போதும். ஏற்கெனவே 160, 170 கிரெடிட் சேர்ந்து ஜிபிஏ இனி அசையாது என்ற நிலை வந்தால் எஸ்எம்பி. எம்கேட் 500-க்குக் கீழே இருந்தால் இரண்டும் வேண்டாம், முதலில் எம்கேட்டைச் சரிசெய்யுங்கள். ஆனால் அதையும் யோசித்துத்தான் எழுத வேண்டும்: வருஷத்துக்கு மூன்று முறை, வாழ்நாளில் ஏழு முறைதான் எழுதலாம், எழுதிய மதிப்பெண் எல்லாம் தெரியும். டெக்சாஸ்காரர்களுக்கு மட்டும் ஒரு சலுகை: பத்து வருஷத்துக்கு முந்தைய கல்லூரி மதிப்பெண்களை மொத்தமாக ஒதுக்கிவைத்துப் புதிதாகத் தொடங்கும் சட்டம் அந்த மாநிலத்தில் உண்டு. வேறு வேலை பார்த்துவிட்டு முப்பது வயதில் மருத்துவத்துக்குத் திரும்புகிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

டிஓ

“டிஓன்னா முழு டாக்டர் இல்லையாமே?” என்று அண்ணி கேட்டார். டிஓ என்பது ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம், 1892-இல் மிசோரியின் கிர்க்ஸ்வில்லில் தொடங்கிய பள்ளி மரபு இது. இன்று அமெரிக்க மருத்துவ மாணவர்களில் நான்கில் ஒருவர் டிஓ. ஐம்பது மாநிலங்களிலும் மருந்து எழுதலாம், அறுவை செய்யலாம். 2020-இலிருந்து, பட்டத்துக்குப் பிறகு செய்யும் ரெசிடென்சிப் பயிற்சிகளும் எம்டிக்காரர்களோடு ஒரே அங்கீகாரத்தின் கீழ் வந்துவிட்டன. ரெசிடென்சி இடங்களை ஒதுக்கும் மேட்ச் முறையில் 2024-இல் இறுதியாண்டு எம்டி மாணவர்களில் 93.5 சதவீதம் பேருக்கும் டிஓ மாணவர்களில் 92.3 சதவீதம் பேருக்கும் இடம் கிடைத்தது. அண்ணியிடம் இந்த இரண்டு எண்களையும் எழுதிக் காட்டினேன்.

சேர்பவர்களின் சராசரி ஜிபிஏ 3.6, எம்கேட் 504 வாக்கில். 3.36-உம் 511-உம் அங்கே நம்பிக்கையோடு போடக்கூடிய விண்ணப்பம். குறைகளும் உண்டு. தோல், நரம்பு அறுவை, எலும்பு அறுவை போன்ற துறைகளுக்கு டிஓ வழியாகப் போவது கடினம். கை வைத்துச் செய்யும் சிகிச்சைக்காக 200 மணி நேரம் போலத் தனிப் பாடம் உண்டு. டிஓக்காரர்களுக்கான காம்லெக்ஸ் உரிமத் தேர்வோடு, எம்டிக்காரர்கள் எழுதும் யூஎஸ்எம்எல்இயும் பலர் சேர்த்து எழுதுகிறார்கள். ஒரு பழைய செய்தி இன்னும் சுற்றுகிறது: ஒரு பாடத்தைத் திரும்ப எடுத்தால் பழைய மதிப்பெண்ணை டிஓ விண்ணப்பக் கணக்கு அழித்துவிடும் என்று. அந்த ஏற்பாடு 2017-இலேயே போய்விட்டது.

கரீபியனும் ஊரும்

ஊரில் என்ஆர்ஐ இடத்தில் எம்பிபிஎஸ் சேர்க்கலாமா என்பதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். நீட் எழுத வேண்டும், ஐந்தரை வருஷம் ஆகும், வார்டில் நோயாளி பேசும் தமிழ் பிள்ளைக்குப் புரிய வேண்டும், திரும்பி வரும்போது வெளிநாட்டில் படித்தவர் என்ற வரிசையில் நிற்க வேண்டும். ஊரிலேயே இருக்கப்போகிறவர்களுக்கு நல்ல வழி. இங்கே வேலை பார்க்க நினைத்தால் சுற்றுவழி.

கரீபியன்தான் ஆசை காட்டும். குறைந்த ஜிபிஏவுக்கும் இடம், காத்திருக்கத் தேவையில்லை, வருஷத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சேர்க்கை. இரண்டு வருஷம் தீவில், அப்புறம் அமெரிக்க மருத்துவமனைகளில் பயிற்சி. கிரெனடாவில் 1970-களிலிருந்து நடக்கும் கல்லூரியிலிருந்து வந்து இங்கே பெயரோடு இருக்கும் மருத்துவர்கள் ஏராளம். ஆகவே ‘போலி’ என்று ஒதுக்குவது தவறு.

ஆனால் கணக்கைப் பாருங்கள். 2024-இல் வெளிநாட்டில் படித்த அமெரிக்கக் குடிமக்களில் மேட்சில் இடம் பெற்றவர்கள் 67 சதவீதம். மூன்றில் ஒருவர் கடனோடு வெளியே நிற்கிறார். அந்த 67-உம் கடைசிவரை தாக்குப்பிடித்தவர்களின் கணக்கு. முதல் வருஷத்தில் விழுந்தவர்களும், யூஎஸ்எம்எல்இ எழுத அனுமதி கிடைக்காமல் நின்றவர்களும் அதில் இல்லை. விளம்பரத்தில் 90-க்கு மேல் ஓர் எண் போட்டிருந்தால், அது யாரை வைத்துப் போட்ட எண் என்று கேளுங்கள். ரெசிடென்சிக்காரர்கள் ஆட்களை வடிகட்டப் பயன்படுத்திய, யூஎஸ்எம்எல்இயின் முதல் தேர்வான ஸ்டெப் 1 மதிப்பெண்ணும் 2022 ஜனவரியிலிருந்து வெறும் பாஸ், ஃபெயில் ஆகிவிட்டது. கல்லூரிப் பெயர் இல்லாத பிள்ளை மதிப்பெண்ணால் தலைதூக்கிய ஒரு வாசல் அடைபட்டது.

பணமும் மாறிவிட்டது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு மத்திய அரசுக் கடன் வருஷத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர்தான். தீவுப் படிப்பு தங்குமிடத்தோடு சேர்த்து மூன்று லட்சத்தைத் தாண்டுவது சாதாரணம். மீதிக்குத் தனியார் வங்கிக் கடன், அப்பா அம்மா கையெழுத்து, வீட்டு அடமானம். இந்த உச்சவரம்பு உள்நாட்டுக் கல்லூரிகளுக்கும் உண்டு என்பதால் என் மருமகனுக்குக் கிடைத்த இரண்டு டிஓ இடங்களில் கட்டணம் குறைந்ததைத்தான் எடுத்தோம். ஒரு எம்டி கல்லூரி வெயிட்லிஸ்டில் வைத்தது, அது நகரவில்லை. ஆகஸ்டில் வகுப்பு தொடங்குகிறது.

இப்போது என்னோடு வேலை பார்க்கும் ஒரு தெலுங்குத் தோழியின் மகளுக்குத் தீவிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. ஜிபிஏ 3.1, எம்கேட் ஒரே முறை எழுதி 503, போஸ்ட்-பேக் எடுத்ததில்லை, டிஓவுக்கு விண்ணப்பித்ததும் இல்லை. ஒரு வருஷம் பொறுத்தால் 30 வருஷத்துக்கு நல்லது என்று எனக்குப் படுகிறது. ஆனால் முடிவு அவர்களுடையது. மூன்று கேள்விகளை எழுதிக் கொடுத்திருக்கிறேன். நான்கு வருஷத்துக்கு முன்னால் உங்களிடம் சேர்ந்தவர்கள் எத்தனை பேர்? அவர்களில் குறித்த காலத்தில் பட்டம் வாங்கியவர்கள் எத்தனை பேர்? ரெசிடென்சி கிடைத்தவர்கள் எத்தனை பேர்? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வரும்வரை டெபாசிட் கட்டாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.