மார்ச் மாத குல்மார்க்கில் என்ன போட்டுக்கொண்டு சறுக்குவது? சில வருட அனுபவம்

டெல்லியிலிருந்து பனியில் ஸ்கீ சறுக்கக் காஷ்மீரின் குல்மார்க்குக்குப் போகும் நம்மவர்கள் பலரும் ஜனவரிக் குளிரை மனதில் வைத்துத்தான் பெட்டி கட்டுகிறார்கள். போவதோ மார்ச்சில், பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்த கையோடு. அந்த நேரத்தில் அங்கே பனியும் கிடக்கும், வெயிலும் சுள்ளென்று அடிக்கும். பஞ்சடைத்த தடி ஜாக்கெட்டோடு சறுக்க இறங்கினால் கொஞ்ச நேரத்திலேயே முதுகு தொப்பலாக நனைந்துவிடும். அப்புறம் கம்பியில் தொங்கும் இருக்கை லிஃப்டில் உட்கார்ந்து மேலே போகும்போது அந்த வியர்வை சில்லிட்டு நடுக்கம் எடுக்கும்.

நான் மயூர் விஹார்வாசி. சில வருடங்களாக மார்ச்சில்தான் போகிறேன். மார்ச் சறுக்கல் இனி அபூர்வமும் இல்லை. 2025-இல் பிப்ரவரியில் நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகளின் குல்மார்க் பகுதியே பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. இத்தனை வருடத்தில் எந்த உடுப்பு உழைத்தது, எது கைவிட்டது என்று சொல்கிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: மார்ச்சில் பயப்பட வேண்டியது ஈரத்துக்குத்தான். வெளியிலிருந்து வரும் ஈரம், உடம்பிலிருந்து வரும் ஈரம், இரண்டுக்கும். காசைப் பேன்ட்டில் போடுங்கள், ஜாக்கெட் மெல்லிசாக இருக்கட்டும்.

வசந்த காலப் பனி இரவில் உறைந்து, காலையில் கல்லாக இறுகிக் கிடக்கும். பத்து, பதினொரு மணிவாக்கில் மேற்பரப்பு இளகி, கல்லுப்பு மாதிரி சிறு மணிகளாக உதிரும். சறுக்க அதைவிடச் சுகமான நேரம் கிடையாது. மதியத்துக்கு மேல் எல்லாம் சொதசொத. இது போதாதென்று உயரம் வேறு. குல்மார்க் ஊர் சுமார் 2,650 மீட்டரில் இருக்கிறது. கோண்டோலா என்கிற கேபிள் காரின் இரண்டாம் கட்டம் அஃபர்வட் மலையில் 3,950 மீட்டர்வாக்கில் இறக்கிவிடும். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. ஆக, கீழே வேர்க்கிற அதே நேரத்தில் மேலே 8 டிகிரி குறைவு, காற்று தனி. அதனால் எவ்வளவு தடிமன் என்று பார்ப்பதைவிட, எவ்வளவு சீக்கிரம் திறந்து மூட முடிகிறது என்று பார்த்து வாங்குவதே நல்லது.

பேன்ட்டுக்கு வருகிறேன். விழுந்தால் ஈரப் பனியில் உட்காருகிறோம், லிஃப்டின் நனைந்த இருக்கையில் உட்காருகிறோம், பூட்ஸ் மாட்ட முட்டி போடுகிறோம். எல்லாம் பேன்ட்டின் தலையில்தான் விடிகிறது. லேபிளில் 10,000 மி.மீ. என்று போட்டிருந்தால், அவ்வளவு உயரத் தண்ணீர் அழுத்தத்தைத் துணி தாங்கும் என்று அர்த்தம். அதற்குக் குறைந்து நான் வாங்குவதில்லை. உட்காரும்போது துணிமேல் விழும் அழுத்தம், சும்மா நின்று மழையில் நனைவதைவிடப் பல மடங்கு. எண்ணைவிட முக்கியம் தையல். சில பேன்ட்களில் முக்கியமான தையல்களுக்கு மட்டும் உள்பக்கம் டேப் ஒட்டியிருப்பார்கள். என்னிடம் முன்பு இருந்தது அப்படிப்பட்டது. துணி நன்றாகவே தாங்கியது, ஆனால் மதியத்துக்குள் பின்பக்கத் தையல் வழியே ஈரம் ஏறிவிடும். இப்போது இருப்பதில் எல்லாத் தையலிலும் டேப் உண்டு, உள்ளே பஞ்சு கிடையாது. தொடையின் உள்பக்கம் வலை வைத்த ஜிப் இருக்கிறது. வெயில் ஏறியதும் இரண்டு பக்கமும் திறந்துவிட்டால் போதும், காற்று ஓடும். கணுக்காலின் உள்பக்கம் கெட்டித் துணி வைத்துத் தைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்கீயின் இரும்பு விளிம்பு உரசி முதலில் கிழிவது அங்கேதான். என்னுடையதில் விரல் நீளத்துக்கு ஒரு வெட்டு விழுந்தது. உள்ளே ஒட்டுத்துணி வைத்து ஒட்டினேன், இன்றுவரை பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஜாக்கெட்டில் நான் பார்ப்பது அக்குள் ஜிப் மட்டுமே. துணி மூச்சு விடும் அளவை, ஒரு சதுர மீட்டர் 24 மணி நேரத்தில் எத்தனை கிராம் நீராவியை வெளியே விடுகிறது என்று போடுவார்கள். 10,000 கிராம் இருந்தால் பரவாயில்லை. ஆனால் அக்குளில் ஒரு நீள ஜிப் செய்யும் வேலையை எந்தத் துணியும் செய்யாது. கையுறையோடு இழுக்கத் தோதாக அதில் சிறு கயிறு கட்டி வைத்திருக்கிறேன். சூடாக இருக்கிறதென்று ஜாக்கெட்டைக் கழற்றி டி-ஷர்ட்டோடு சறுக்குகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பதறும். அந்தக் கல்லுப்புப் பனியில் விழுந்து தேய்ந்தால் முழங்கைத் தோல் உரிந்துவிடும். முழுக்கை மெல்லிசாக ஏதாவது கட்டாயம் வேண்டும்.

உள்ளே போடுவதில்தான் டெல்லிக்காரர்களுக்கு ஒரு சங்கடம். எல்லார் வீட்டிலும் தெர்மல் இருக்கிறது, அதையே எடுத்துப் போகிறோம். அவற்றில் பல பருத்தி கலந்தவை. டிசம்பரில் பஸ்ஸுக்குக் காத்து நிற்க அருமையானவை. சறுக்கும்போது வியர்வையை உறிஞ்சி அப்படியே உடம்போடு ஒட்ட வைத்துக்கொள்ளும். மெல்லிய மெரினோ கம்பளியோ பாலியஸ்டரோ போதும், கழுத்தில் ஜிப் இருந்தால் இன்னும் நல்லது. பாலியஸ்டர் விலை குறைவு, சீக்கிரம் காயும், ஆனால் ஒரே நாளில் நாற்றமெடுக்கும். மெரினோவைத் தொடர்ந்து சில நாள் போடலாம். அதற்கு ஒரே வைரி பூச்சி. அலமாரியில் சும்மா வைத்திருந்த என் மெரினோவில் மார்புப் பக்கம் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழுந்துவிட்டது. இப்போது துவைத்து நன்றாகக் காயவைத்து, ஜிப் பையில் போட்டுத்தான் வைக்கிறேன்.

நடு அடுக்காக மெல்லிய ஃப்ளீஸ் (மெத்தென்ற பாலியஸ்டர் மேலுடுப்பு) ஒன்று பையில் இருந்தால் சரி, மேலே போகும்போது மட்டும் போட்டுக்கொள்ளலாம். இறகு ஜாக்கெட் வேண்டாம், நனைந்தால் சூடு போய்விடும். காலுறை ஒரே ஜோடி, மெல்லிசாக, முழங்கால்வரை. இரண்டு ஜோடி போட்டால் பூட்ஸுக்குள் மடிப்பு விழுந்து கொப்புளம் கிளம்பும். கையுறை மட்டும் இரண்டு ஜோடி வேண்டும், மதியத்துக்குள் முதல் ஜோடியைப் பிழியலாம். பெரியவர்கள் ஆசையாக எடுத்துக் கொடுக்கும் மங்கி கேப்பை ஊர் சுற்ற வைத்துக்கொள்ளுங்கள். ஹெல்மெட்டுக்கடியில் அது வேர்வைப் பானைதான்.

வெயிலைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். ஆயிரம் மீட்டருக்கு சுமார் 10 சதவீதம் புற ஊதாக் கதிர் கூடுகிறது. புதுப் பனி அதில் 80 சதவீதம்வரை திருப்பி அடிக்கும். அதாவது வெயில் கீழேயிருந்தும் வருகிறது. சன்ஸ்கிரீனை மூக்கின் அடிப்பக்கம், தாடைக்குக் கீழ், காதுமடல் எங்கும் தடவுங்கள், இரண்டு மணிக்கொரு தரம் மறுபடியும். மாநிறம்தானே என்று விடாதீர்கள், தோல் உரிவது நமக்கும் உண்டு. கழுத்துக்கு மெல்லிய பஃப், அதாவது குழாய் மாதிரித் தைத்த துணி, போதும். காகிள்ஸில் மூன்றாம் வகை லென்ஸ், அதாவது 8 முதல் 18 சதவீத ஒளியை மட்டும் விடுவது, மார்ச் வெயிலுக்குச் சரியாக இருக்கிறது. மேகம் மூடினால் அதில் மேடு பள்ளம் தெரியாது, அதற்கு வெளிர் லென்ஸ் ஒன்று கையில் இருக்கட்டும்.

ஊர் திரும்பியதும் குளியலறையில் ஜாக்கெட் தோளில் ஒரு கை தண்ணீர் தெளித்துப் பார்ப்பேன். முத்து முத்தாக உருண்டால் சரி. பரவி ஊறினால் தண்ணீரை ஒட்டவிடாத மேல்பூச்சு தேய்ந்துவிட்டது. பையின் பட்டை உரசும் இடம்தான் முதலில் போகும். சாதாரண சோப்புத்தூளும் கம்ஃபர்ட் வகையறாவும் அந்தப் பூச்சைக் கெடுக்கும். இதற்கென்றே விற்கும் திரவத்தில் துவைத்து, லேபிள் அனுமதித்தால் டிரையரில் இளஞ்சூட்டில் காயவைத்தால் பெரும்பாலும் மீண்டும் உருள ஆரம்பிக்கும். அப்புறம் பரணில் மட்டும் போடாதீர்கள். டெல்லியின் மே வெயிலும் ஆகஸ்ட் ஈரமும் சேர்ந்து என் பழைய ஜாக்கெட் ஒன்றின் உள்பூச்சைச் செதில் செதிலாக உதிர்த்துவிட்டன.

வாங்க நல்ல நேரம் பிப்ரவரிக் கடைசி, கடைகள் குளிர்கால உடுப்பைத் தள்ளுபடியில் தள்ளிவிடும். டெகத்லானில் ஸ்கீ பேன்ட் நியாயமான விலைக்குக் கிடைக்கிறது. சரோஜினி நகரில் ஏற்றுமதி மிச்சமாக வரும் ஜாக்கெட்களையும் பார்க்கலாம், உள்பக்கம் திருப்பித் தையல் டேப்பைத் தடவிப் பார்த்து எடுங்கள். ஸ்கீயும் பூட்ஸும் குல்மார்க்கிலேயே வாடகைக்குக் கிடைக்கும். உடுப்பும் கிடைக்கும், ஆனால் நான் பார்த்தவரை பெரும்பாலும் பஞ்சு வைத்தவை, மார்ச்சுக்கு ஆகாது. பேன்ட், காகிள்ஸ், கையுறை என்ற வரிசையில் வாங்குங்கள். வீட்டில் முழுக்கை மழைக்கோட்டு ஒன்று நல்ல நிலையில் இருந்தால், ஜாக்கெட்டை அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போடலாம்.