பிளக் ஒயர் கெடுவது நுனியில்: பழைய காரில் மூன்று வகை ஒயர்களின் நெடுநாள் பயன்பாடு

பிளக் ஒயர் என்பது இக்னிஷன் காயில் உண்டாக்கும் உயர் வோல்டேஜை ஸ்பார்க் பிளக்குக்குக் கொண்டுபோகும் ஒயர். புதிதாக மாட்டிய முதல் வாரத்தில் எந்த ஒயர் செட்டும் நன்றாகத்தான் இருக்கும். இன்ஜின் சீராக ஓடும், பிக்கப் கூடியதுபோலத் தெரியும். எது தேறும் எது தேறாது என்பது இரண்டு மூன்று வருட வெயிலும் மழையும் கண்ட பிறகே தெரியவரும். அப்போது கழற்றிப் பார்த்தால் பெரும்பாலான ஒயர்களின் நடுப்பகுதி நன்றாகவே இருக்கும். பூட் என்கிற ரப்பர் உறையோ, உள்ளே ஒயர் நுனியை நசுக்கிப் பிடித்த உலோக டெர்மினலோதான் போயிருக்கும். ஆகவே ஒயரின் தடிமனையும் நிறத்தையும் பார்த்துப் பணம் கொடுப்பதில் அர்த்தமில்லை. பூட்டைப் பாருங்கள், டெர்மினல் பிடியைப் பாருங்கள்.

கார்பன் கோர் ஒயர்தான் பழைய கார்களோடு வந்தது. கண்ணாடி இழையில் கார்பன் ஏற்றிய நடுத்தண்டு. ரேடியோ இரைச்சலை நன்றாக அடக்கும், விலை குறைவு. வருடம் போகப்போக ரெசிஸ்டன்ஸ் ஏறுவது இதன் குறை. ஒயரைப் பிடித்து இழுத்துக் கழற்றும் பழக்கம் உள்ளவர்களிடம் இது சீக்கிரமே சாகும். உள்ளே தண்டு அறுந்திருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. ஸ்பைரல் கோர் ஒயரில் மெல்லிய உலோகக் கம்பியைச் சுருளாகச் சுற்றியிருப்பார்கள். ரெசிஸ்டன்ஸ் வெகு குறைவு, பல வருடத்துக்கு மாறாது, இரைச்சலையும் அந்தச் சுருளே அடக்கிவிடும். வீட்டில் மாற்றுபவருக்கு இதுதான் சரியான தேர்வு. வெறும் செம்புக் கம்பி ஒயர் கார்பரேட்டர் காலத்துச் சரக்கு. எலக்ட்ரானிக் இக்னிஷனும் இசியூவும் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) உள்ள காரில் போட்டால் ரேடியோ கரகரக்கும், சென்சார் சிக்னல்களிலும் குழப்பம் வரலாம். ஒரு விலக்கு உண்டு: சில ஐரோப்பியக் கார்களில் செம்புக் கம்பியே கம்பெனி ஃபிட்டிங், ரெசிஸ்டரை பூட்டுக்குள் வைத்திருப்பார்கள். அங்கே அதுதான் சரி.

மேலுறை சிலிக்கானாக இருப்பது நல்லது, சூட்டைத் தாங்கும். ஆனால் பெட்ரோலும் ஆயிலும் பட்டால் சிலிக்கான் ஊறிப் பொதபொதத்துவிடும். 7 மில்லிமீட்டர் ஒயர் இருந்த இடத்தில் 10 மில்லிமீட்டர் போட்டால் பழைய கிளிப்பில் உட்காராது. கிளிப்பில் உட்காராத ஒயர் ஹெட்டின் மேலோ எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேலோ போய்ச் சாயும். காசு கொடுத்து வாங்கிய தடிமன் அங்கேயே கருகும்.

மாற்ற வேண்டுமா என்று முடிவு செய்ய முதலில் வண்டியைக் கவனியுங்கள். ஐடிலிங்கில் ஒழுங்காக இருந்து, டாப் கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் மட்டும் மிஸ்ஸிங் (சிலிண்டரில் பொறி தவறுவது) அடிக்கிறதா? சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும்போது பிளக் இடைவெளியைத் தாண்ட அதிக வோல்டேஜ் தேவை. பலவீனமான ஒயர் அப்போதுதான் வேறு வழியில் கசியவிடும். கேஸில் ஓடும் காரில் இது இன்னும் முன்னதாகவே தெரியும். அடுத்து இருட்டில் பானட்டைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டு, ஒயர்கள்மேல் தண்ணீரைப் பனிபோல் தெளித்துப் பாருங்கள். கசிவு இருந்தால் நீலப் பொறி தெரியும், டிக் டிக் என்று கேட்கும். கையால் தொட்டுச் சோதிக்கவே கூடாது. 20,000 வோல்ட்டுக்கு மேல் ஓடும் இடம் அது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் ஓடும் இன்ஜின் பக்கமே போக வேண்டாம்.

பிறகு மல்டிமீட்டர். இன்ஜினை நிறுத்தி, ஒயரைக் கழற்றி, இரு முனையிலும் அளக்க வேண்டும். பல ஜப்பானியக் கார்களின் சர்வீஸ் மேனுவல் ஒரு ஒயருக்கு 25 கிலோ ஓம் வரை அனுமதிக்கிறது. அந்த எண்ணைவிட முக்கியம், ஒரே செட்டில் ஒன்று மட்டும் தனித்து நிற்கிறதா என்பது. நீளத்துக்கு ஏற்ப வித்தியாசம் இருக்கும். மிகக் குட்டையான ஒயர் மிக அதிகமாகக் காட்டினால் அதுதான் குற்றவாளி. அளக்கும்போதே பூட்டுக்குப் பக்கத்தில் வளைத்து ஆட்டுங்கள். எண் துள்ளினால் டெர்மினல் பிடி தளர்ந்துவிட்டது. ஆனால் மீட்டர் நன்றாக இருக்கிறது என்று சொன்னாலும் ஒயர் நல்லது என்று ஆகிவிடாது. இன்சுலேஷன் கசிவு மீட்டரில் தெரியாது, அதற்குத் தண்ணீர்ச் சோதனைதான்.

வேலையை இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு தொடங்குங்கள். எல்லா ஒயரையும் ஒரேயடியாகக் கழற்ற வேண்டாம். ஒன்றைக் கழற்றி, அதே நீளமுள்ள புதியதைத் தேடி, அதே வழியாகக் கொண்டுபோய் மாட்டிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பூட்டை இருபக்கமும் கால் சுற்றுத் திருகினால் பிளக்கோடு ஒட்டிய பிடி விட்டுவிடும். பிறகு பூட்டைப் பிடித்தே இழுக்க வேண்டும். பிளக்கும் மாற்றுவதாக இருந்தால், கழற்றும் முன் குழிக்குள் காற்றடித்து மணலை வெளியேற்றுங்கள். குழிக்குள் ஆயில் நின்றால் வால்வு கவரிலுள்ள பிளக் டியூப் சீல் போயிருக்கிறது. அதை மாற்றாமல் புது ஒயர் போடுவது வீண். சில மாதத்தில் பூட் ஊறிப் பிளக்கை விட்டு நழுவும்.

பிளக்கின் தலையில் உள்ள சிறு நட்டைப் பலரும் பார்ப்பதில்லை. சில ஒயர்களுக்கு அது வேண்டும், சிலவற்றுக்கு வேண்டாம். வேண்டுமென்றால் பிளையரால் லேசாக முறுக்குங்கள். கையால் மட்டும் திருகியது அதிர்வில் தளர்ந்து, மாதங்கள் கழித்து அவ்வப்போது மிஸ்ஸிங் தரும், ஒயரைத்தான் திட்டிக்கொண்டிருப்போம். பிளக் இடைவெளியும் மேனுவல் சொல்கிறபடி இருக்கட்டும். தேய்ந்து அகன்ற இடைவெளி அதிக வோல்டேஜ் கேட்கும், புது ஒயரை அதுவே தின்றுவிடும்.

டைஎலெக்ட்ரிக் கிரீஸ் என்பது மின்சாரம் கடத்தாத சிலிக்கான் கிரீஸ். பூட்டின் உட்சுவரில் மெல்லிய படலமாகத் தடவினால் போதும். டெர்மினலுக்குள் அப்பத் தேவையில்லை. இது ஈரத்தைத் தடுக்கும், அடுத்த முறை பூட் கிழியாமல் கழலவும் உதவும். கிரீஸ் போட்ட நீள பூட்டை அழுத்தும்போது உள்ளே காற்று மாட்டிக்கொண்டு மெல்ல மேலே தள்ளும். கிளிக் கேட்டதே என்று விட்டுவிட்டால் அடுத்த நாள் பாதி எழும்பி நிற்கும். மெல்லிய கேபிள் டையின் நுனியை பூட்டின் ஓரத்தில் நுழைத்துக்கொண்டு அழுத்தி, காற்று போனதும் உருவிவிடுங்கள். முதல் ஓட்டத்துக்குப் பின் இன்ஜின் ஆறியதும் ஒருமுறை எல்லா பூட்டையும் அழுத்திப் பாருங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டர் (பொறியை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்தனுப்பும் பாகம்) உள்ள, காயில் தனியாக இருக்கும் நான்கு சிலிண்டர் காரில் ஐந்து ஒயர்கள் இருக்கும். ஐந்தாவது, காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியான கேப்பின் நடுவுக்கு வருவது. நான்கு சிலிண்டரின் பொறியும் அதன் வழியாகத்தான் போகிறது. அதை விட்டுவிட்டு மற்ற நான்கை மட்டும் மாற்றுவது அரைவேலை. கேப்பின் குழிகளில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் கேப்பையும் அதனுள் சுழலும் ரோட்டரையும் சேர்த்தே மாற்றுங்கள். ரோட்டர் நுனியை அரத்தால் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம், இடைவெளிதான் கூடும்.

மாட்டி முடித்ததும் இன்ஜின் குலுங்கினாலோ இன்டேக் வழியே வெடித்தாலோ இரண்டு ஒயர் இடம் மாறியிருக்கலாம். வரிசையாக நான்கு சிலிண்டர் உள்ள பெரும்பாலான இன்ஜின்களின் ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்களுக்குப் பொறி போகும் வரிசை) 1-3-4-2. ரோட்டர் சுற்றும் திசையில் கேப்பில் எண்ணிப் பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் இல்லாமல் காயில் பேக் உள்ள கார்கள் பலவற்றில் 1-உம் 4-உம் ஒரே நேரத்தில் பொறி பெறும், 2-உம் 3-உம் அப்படியே. அங்கே 1-ஐயும் 4-ஐயும் மாற்றிப் போட்டாலும் வண்டி ஓடிவிடும். 1-ஐயும் 2-ஐயும் மாற்றினால் சரியாக ஓடாது.

ஒயர்களைக் கற்றையாக இறுக்கிக் கட்டாதீர்கள். கிளிப்பில் பிரித்து வையுங்கள். உலோகத்தில் உரசிக்கொண்டே கிடக்கும் ஒயரின் மேற்பரப்பில் கரோனா மின்கசிவு உண்டாகும், அதில் பிறக்கும் ஓசோன் ரப்பரை அரிக்கும். சாம்பல் நிறத் தூளாகத் தெரிந்தால் அந்த இடம் போய்க்கொண்டிருக்கிறது. அறுந்த ஒயரோடு ஓட்டித் தள்ளுவது காயிலையும் கெடுக்கும், எரியாத பெட்ரோல் போய்ச் சேர்ந்து, புகையைச் சுத்திகரிக்கும் கேடலிடிக் கன்வர்ட்டரையும் சூடேற்றிக் கெடுக்கும். ஒயர் செட்டைவிட இரண்டுமே விலை கூடியவை.

பழைய செட்டில் மீட்டரும் தண்ணீர்ச் சோதனையும் தேறிய ஒயர்களில் மிக நீளமானதை மட்டும் எடுத்து டிக்கியில் போட்டு வையுங்கள். எந்த சிலிண்டருக்கும் எட்டும்.