நாத்தனாரின் யோசனைகளும் நரம்பு டாக்டரும்: சேலத்தில் ஒரு மேடை நகைச்சுவை

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வேலை செய்யும் ஒரு கூட்டுக்குடும்பம். வீட்டின் மூத்த மருமகளுக்குச் சில மாதங்களாகத் தூக்கம் இல்லை; சலங்கை கோக்க உட்கார்ந்தால் கை ஓடவில்லை; யாராவது பேச்சுக் கொடுத்தால் அழுகை முந்திக்கொள்கிறது. மாமியார், நாத்தனார், பக்கத்து வீட்டு அக்கா, ஊரிலிருந்து வந்து இறங்கும் பெரியம்மா ஆகிய நால்வரும் அவளுக்கு என்ன கேடு என்று ஆளுக்கொரு முடிவு கட்டி, ஆளுக்கொரு வைத்தியத்தைத் தொடங்குகிறார்கள். அஸ்தம்பட்டி அரங்கொன்றில் உள்ளூர்ப் பெண்கள் சிலர் சேர்ந்து அண்மையில் மேடையேற்றிய நகைச்சுவை நாடகத்தின் கதை இதுதான்.

நம் நகைச்சுவையில் மனநோய் என்றால் கிழிந்த சட்டையும், காரணமில்லாத சிரிப்பும், 'கீழ்ப்பாக்கம்' என்ற ஒற்றை வார்த்தையும் போதும் என்றே பல காலம் ஓட்டியாயிற்று. 1794இல் தொடங்கி இன்றும் இயங்கிவரும் ஒரு மருத்துவமனை இருக்கும் இடத்தின் பெயரையே வசவாக்கி வைத்திருக்கிறோம். இந்த நாடகத்தை எழுதியவர் அந்தப் பழக்கத்தை அறிந்தே விலக்கியிருக்கிறார் என்பது முதல் காட்சியிலேயே புரிந்துவிடுகிறது. நோயுற்றவளைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. அவளைச் சுற்றி நின்று யோசனை சொல்பவர்களைப் பார்த்துத்தான் அரங்கம் சிரிக்கிறது.

அந்த யோசனைகள் எல்லாம் நாம் கேட்டுப் பழகியவைதாம். மந்திரித்த கயிறு, எலுமிச்சம்பழம், கோடாங்கி, 'இன்னொரு பிள்ளை பெற்றுக்கொண்டால் சரியாகிவிடும்' என்ற ஆலோசனை, குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம் தங்குவது என்று நாத்தனார் விரல் விட்டு எண்ணுகிறார். தங்கினால் மருமகளின் பங்குச் சலங்கையை யார் கோப்பது என்ற கேள்வி எழுந்ததும், அதே வேகத்தில் ஒரு மண்டலம் மூன்று நாளாகச் சுருங்குகிறது. கரிசனமும் கணக்கும் ஒரே வாயிலிருந்து வருவதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது.

மருமகளாக நடித்தவருக்கு முதல் அரை மணி நேரத்தில் வசனம் மிகக் குறைவு. அவர் தரையில் உட்கார்ந்து சலங்கைகளை எண்ணுகிறார், பதினேழு வரை வந்ததும் யாரோ கூப்பிடுகிறார்கள், மறுபடியும் ஒன்றிலிருந்து. முதல் தடவை அரங்கம் சிரித்தது, இரண்டாம் தடவை இன்னும் பலமாகச் சிரித்தது. மூன்றாம் தடவை யாரும் கூப்பிடவில்லை; அவராகவே பதினேழில் நின்று, மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கியபோது சிரிப்பு வரவில்லை. மனச்சோர்வைப் பற்றி ஒரு சொல்லும் உதிர்க்காமல் அதைப் புரியவைத்த இடம் அது.

நாடகத்தின் உச்சம் அஞ்சறைப்பெட்டிக் காட்சி. தாளிக்கப் போன மருமகள், வெந்தயத்துக்கு அடியில் ஒரு மாத்திரை அட்டையைக் கண்டெடுக்கிறாள். தனக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த அதே மாத்திரை. "அது சத்து மாத்திரை கண்ணு" என்று மாமியார் பிடுங்கப் பார்க்க, "எனக்கும் அதே சத்துதானுங்க அத்தை குறையுது" என்று அவள் பதில் சொல்லும்போது அரங்கில் எழுந்த சிரிப்பு அடங்கச் சற்று நேரம் பிடித்தது. எத்தனையோ ஆண்டுகளாக மாமியார் ஒளித்து வைத்திருந்தது தெரிந்த பிறகு, இருவரும் பேசிக்கொள்ளும் விதமே மாறிவிடுகிறது.

இளைய மகளுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் 'நரம்பு டாக்டர்' பேச்சு வெளியே போகக்கூடாது என்பதற்காக, சேலத்தில் யார் கண்ணிலும் படாமல் குடும்பமே நாமக்கல்லுக்குப் பேருந்து ஏறிப் போவதும், அங்கே காத்திருக்கும் வரிசையில் தங்கள் தெருவில் பாதிப் பேர் முக்காடு போட்டு உட்கார்ந்திருப்பதும் கட்டுக்கடங்காத வேடிக்கை. இதை வெறும் மிகைப்படுத்தல் என்று தள்ளிவிட முடியாது. 2015–16ஆம் ஆண்டு தேசிய மனநல ஆய்வு, வயதுவந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்பு இருப்பதாகக் கண்டது.

பக்கத்து வீட்டு அக்காவையே, கூத்தில் கதையை நடத்திச் செல்லும் கட்டியங்காரனைப் போலக் கட்டியங்காரியாக்கி, கதையை நிறுத்தி நிறுத்தி நம்மிடம் பேசவைத்திருப்பது நல்ல உத்தி. தெருக்கூத்து நன்றாக ஊன்றிய மாவட்டம் இது. இங்குள்ள பார்வையாளருக்குக் கட்டியங்காரி யார் என்று விளக்க வேண்டியதில்லை. மீசை ஒட்டிக்கொண்டு கணவனாக வந்த பெண்ணும் குறை வைக்கவில்லை. ஆனால் அந்தப் பாத்திரத்தை எழுதிய விதத்தில் குறை உண்டு. வீட்டுப் பெண்கள் அனைவரையும் கேள்விக்கு உட்படுத்தும் நாடகம், 'எனக்கு ஒன்றும் தெரியாதுப்பா' என்று செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் கணவனை மட்டும் இரண்டு கேலியோடு தப்பவிடுகிறது.

பெரியம்மா 'ஏர்வாடிக்குக் கொண்டுபோய் விடுங்கள்' என்று சொல்லும் வரியும் எனக்கு ஒட்டவில்லை. 2001 ஆகஸ்டில் அங்கே மனநோயாளிகளுக்கான ஒரு காப்பகத்தில் பற்றிய தீயில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் மாண்டார்கள். அந்தப் பெயரை எடுத்தால் அங்கே சற்று நிற்க வேண்டும். ஒரு சிரிப்புக்காக எடுத்துவிட்டு அடுத்த வசனத்துக்கு ஓடக்கூடாது.

பெரிய சறுக்கல் டாக்டர் வரும் காட்சி. அதுவரை ஓடிய நாடகம் அங்கே பிரசங்கமாகிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், டெலி மானஸ் உதவி எண் 14416 என்று அவர் ஒப்பிக்கும் செய்திகள் எல்லாம் சரியானவை, தேவையானவையும்கூட. அவற்றைத் துண்டறிக்கையில் அச்சடித்து வாசலில் கொடுத்திருக்கலாம். அடுத்த காட்சியிலேயே மருமகள் புதுப்பூ வைத்துக்கொண்டு பாடுவது அதைவிடத் தவறு. இத்தகைய மாத்திரைகள் வேலை காட்டவே சில வாரங்கள் ஆகும்; தேறிய பிறகும் மாதக்கணக்கில் தொடர வேண்டியிருக்கும். 'இரண்டு நாள் போட்டேன், ஒன்றும் ஆகவில்லை' என்று நிறுத்திவிடுபவர்கள் நம் வீடுகளில் ஏராளம். அந்தக் காத்திருப்பில் இன்னொரு நல்ல நகைச்சுவைக் காட்சியே கிடைத்திருக்கும்.

ஒலிபெருக்கி பின் வரிசைகளுக்கு எட்டவில்லை என்பதால், மீண்டும் போடும்போது பார்க்கப் போகிறவர்கள் முன்னதாகச் சென்று நடு வரிசைக்குள் இடம் பிடிப்பது நல்லது. இடைவேளை இல்லாமல் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடுகிறது. மாமியாரும் மருமகளும் ஒரே வீட்டில் இருப்பவர்கள் என்றால் சேர்ந்தே போகலாம். என் முன் வரிசையில் அப்படி வந்திருந்த ஒரு ஜோடி, அஞ்சறைப்பெட்டிக் காட்சியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலேயே சிரித்துக்கொண்டிருந்தது.