பல் இம்ப்ளான்ட் வைக்கப் போகிறீர்களா? அந்தச் சின்ன ஸ்டிக்கரைக் கேட்டு வாங்குங்கள்

அம்மாவுக்குக் கீழ்வரிசையில், வலது பக்கம் இரண்டு கடைவாய்ப் பற்கள் இல்லை. எல்லாவற்றையும் இடது பக்கமே மென்று மென்று அந்தப் பக்கமும் வலிக்க ஆரம்பித்தது. அதனால் போன வருடம் திருச்சியில் ஒரு பல் கிளினிக்கில் இம்ப்ளான்ட் வைத்தோம், அதாவது தாடை எலும்பில் ஸ்க்ரூ இறக்கி, அதன் மேல் கேப் என்கிற செயற்கைப் பல்லை மாட்டுவது. புகார் நிலுவையில் இருப்பதால் கிளினிக்கின் பெயரைப் போடவில்லை. ஆனால் நடந்ததை முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு பல்லுக்கு 32,000, எல்லாம் அதிலேயே அடக்கம் என்றார்கள். அம்மாவுக்குப் பதினாறு வருடமாகச் சர்க்கரை. படிவத்தில் அதை நானே என் கையால் எழுதிக் கொடுத்தேன். அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாய் முழுவதும் தெரிகிற மாதிரி ஒரு ஓபிஜி எக்ஸ்ரே எடுத்தார்கள். "எலும்பு நல்லா இருக்கு, ஞாயித்துக்கிழமை வாங்க, வெளியூர்லேருந்து ஸ்பெஷலிஸ்ட் வருவார்" என்றார்கள்.

அந்த ஞாயிறு ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு ஸ்க்ரூவும் இறங்கிவிட்டன. மரத்துப்போக ஊசி போட்டிருந்ததால் அம்மாவுக்கு வலி தெரியவில்லை. எனக்கும் அப்பாடா என்றிருந்தது. சுவிஸ் கம்பெனி பொருள் என்று வாயால் சொன்னார்கள். பில்லில் இருந்ததோ "இம்ப்ளான்ட் 2, ரூ. 64,000" என்று ஒரே ஒரு வரி. ஆறாவது வாரமே கேப் மாட்டிவிட்டார்கள். மூன்று மாதமாவது விட வேண்டும் என்று கேள்விப்பட்டேனே என்று கேட்டேன். "அதெல்லாம் பழைய முறை மேடம்" என்றார் அங்கிருந்த டாக்டர். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. இன்றுவரை அது மனதில் உறுத்துகிறது.

ஐந்தாவது மாதம், ஒருநாள் காலை இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த அம்மா பாதியில் நிறுத்திவிட்டு நாக்கால் துழாவினார். "இது ஆடுதும்மா" என்றார். வெளிச்சத்துக்கு வரச் சொல்லிப் பார்த்தேன். முன்பக்கக் கேப், குழந்தைக்குப் பால்பல் விழுவதற்கு முன்னால் ஆடுமே, அப்படி ஆடியது. சுற்றி ஈறு சிவந்திருந்தது. லேசாக அழுத்தியதும் ஓரத்தில் சீழ் எட்டிப் பார்த்தது. பின்பக்கக் கேப்பும் கொஞ்சம் அசைந்தது.

கிளினிக்குக்குப் போனால், "அந்த டாக்டர் இப்ப இங்க வர்றதில்லையே" என்றார்கள். மாத்திரையும் வாய் கொப்பளிக்க மருந்தும் கொடுத்து அனுப்பினார்கள். மூன்று முறை நடந்தோம், மூன்று முறையும் இதே கதை.

பிறகு வேறொரு பல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "எந்தக் கம்பெனி, என்ன சைஸும்மா? ஸ்டிக்கர் வச்சிருக்கீங்களா?"

அப்படி ஒரு ஸ்டிக்கர் உண்டு என்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். இம்ப்ளான்ட் என்பது ஒரே பொருள் இல்லை. எலும்புக்குள் இருக்கும் டைட்டானியம் ஸ்க்ரூ, அதன் மேல் அபட்மென்ட் என்கிற இணைப்பு, அதற்கு மேல் பல் மாதிரி தெரிகிற கேப். அபட்மென்ட்டை உள்ளே பிடித்து வைத்திருப்பது இன்னொரு பொடி ஸ்க்ரூ. உள்ளே இவை பொருந்துகிற அமைப்பும், கழற்றுகிற ஸ்க்ரூ டிரைவரும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதனால்தான் இம்ப்ளான்ட் வரும் சீல் வைத்த பாக்கெட்டோடு, கம்பெனி, மாடல், விட்டம், நீளம், லாட் நம்பர் எல்லாம் அச்சடித்த ஸ்டிக்கரும் வருகிறது. அதை உரித்து ஃபைலில் ஒட்ட வேண்டும், நோயாளிக்கும் ஒன்று தர வேண்டும். எங்களுக்குத் தரவில்லை. பழைய கிளினிக்குக்கு நான்கு முறை போன் செய்தேன். முதலில் "பாத்துட்டுச் சொல்றோம்" என்றார்கள், கடைசியில் ஃபைலே இல்லை என்றுவிட்டார்கள்.

முன்பக்க இம்ப்ளான்ட்டைச் சுற்றி எலும்பு கரைந்திருந்தது. அதை எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றார் புது டாக்டர், எடுத்தார். என்னை அதிகம் வேதனைப்படுத்தியது பின்பக்கத்தில் இருந்ததுதான். அது எலும்பில் நன்றாகவே பிடித்திருந்தது. உள்ளே இருக்கிற பொடி ஸ்க்ரூ மட்டும் தளர்ந்துவிட்டது. கம்பெனி தெரிந்தால் சரியான டிரைவர் கொண்டு முறுக்கிவிடலாம், சின்ன வேலை. தெரியாததால் கேப்பில் துளை போட்டு, கையில் இருந்த மூன்று டிரைவர்களை விட்டுப் பார்த்தார். ஒன்றும் உட்காரவில்லை. அழுத்தினால் ஸ்க்ரூவின் தலை வழுக்கிவிடும் என்று நிறுத்திவிட்டார். நல்ல இம்ப்ளான்ட் ஒன்று அம்மா வாயில் இருந்தும் பயனில்லாமல் கிடக்கிறது.

மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டுகிற ஹெச்பிஏ1சி ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொன்னார், 9.4 வந்தது. சர்க்கரை இவ்வளவு இருந்தால் புண் ஆறுவதும் எலும்பு ஒட்டுவதும் தடுமாறும், குறைத்த பிறகுதான் கை வைத்திருக்க வேண்டும் என்றார். தாடையை முப்பரிமாணத்தில் காட்டுகிற சிபிசிடி ஸ்கேனும் எடுத்தார், 1,500 ரூபாய். ஓபிஜியில் எலும்பின் உயரம் ஓரளவு தெரியும், அகலம் தெரியாது. கீழ்த்தாடைக்குள் கீழ் உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி கொடுக்கிற நரம்பு ஓடுகிறது. அதற்கும் ஸ்க்ரூவுக்கும் எவ்வளவு இடைவெளி என்பதை ஸ்கேனில்தான் சரியாக அளக்க முடியும். 1,500 ரூபாய் ஸ்கேன் எடுக்காமல் 64,000 ரூபாய் வேலையைச் செய்திருக்கிறார்கள்.

ஆகவே, நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே கம்பெனி, மாடல் பெயரை எழுத்தில் கேளுங்கள். சர்க்கரை இருந்தால், புகை பிடித்தால், எலும்பு அடர்த்திக் குறைவுக்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) மாத்திரையோ ஊசியோ எடுத்தால், அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். சொன்னதைக் காதில் வாங்கவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். கீழ்த்தாடைக்குப் பொதுவாக மூன்று மாதம், மேல்தாடைக்கு நான்கிலிருந்து ஆறு மாதம் எலும்பு பிடிக்க விடுவார்கள். சிலருக்குச் சீக்கிரம் கேப் போடலாம்தான், ஆனால் ஏன் உங்களுக்குப் போடலாம் என்று டாக்டர் விளக்கிச் சொல்ல வேண்டும். வைப்பவர் வெளியூர் டாக்டர் என்றால், நாளைக்கு ஆடினால் யார் பார்ப்பார்கள் என்று அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.

ஏற்கெனவே வைத்துக்கொண்டவர்கள் இந்த வாரமே போய் ஸ்டிக்கரின் நகலையும் எக்ஸ்ரேயையும் வாங்கி வையுங்கள். கிளினிக் மூடலாம், டாக்டர் மாறலாம்.

நாங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். காசு வாங்கிச் செய்கிற மருத்துவமும் நுகர்வோர் சட்டத்தில் அடங்கும் என்று 1995இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. ஒற்றை வரிதான் என்றாலும் அந்தப் பில் இருந்ததால்தான் புகாராவது கொடுக்க முடிந்தது.

எடுத்த இடத்தில் புது டாக்டர் எலும்புத் தூள் வைத்துத் தைத்திருக்கிறார். அந்தப் பாக்கெட்டின் ஸ்டிக்கரை, அம்மா சர்க்கரை அளவு குறித்து வைக்கிற நோட்டில் அவரே ஒட்டிக் கொடுத்தார். அடுத்த மாதம் மறுபடி ஸ்கேன். எலும்பு வளர்ந்திருந்தால்தான் மேற்கொண்டு பேச்சு.