கிடங்கா, குடோனா?

பொருள்களைச் சேமிக்கும் இடத்தை எழுத்தில் கிடங்கு என்பதா, குடோன் என்பதா என்று தயங்குவோர் பலர். இரண்டையும் அருகருகே வைத்தால் ஒரு வேடிக்கை புலப்படும்.

பிறப்பு: கிடங்கு, ‘கிட’ என்னும் வினையடியிலிருந்து பிறந்த சொல். குடோன், ‘கோடவுன்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் பேச்சு வடிவம்; அந்த ஆங்கிலச் சொல்லோ மலாய் மொழியின் ‘குடாங்’ என்பதிலிருந்து போர்ச்சுகீசியர் வழியாக வந்தது. குடாங் என்பதற்கே தமிழின் கிடங்கும் தெலுங்கின் கிடங்கியும் மூலம் என்பது அறிஞர் பலர் ஏற்கும் கருத்தாகையால், கடல் கடந்து போன சொல்லே உருமாறித் திரும்பியிருக்கிறது எனலாம். கீழே இறங்கிச் செல்லும் அறை என்பதால் ‘கோடவுன்’ என்ற பெயர் வந்தது என்பது ஆங்கில ஒலியை மட்டும் கேட்டுக் கட்டிய கதை.

பொருள்: சங்கப் பாடல்களில் கிடங்கு என்பது கோட்டையைச் சூழ்ந்த அகழி; பள்ளம் என்ற பொருளும் அதற்கு உண்டு. சேமிப்பிடம் என்னும் பொருளே இன்று மேலோங்கி நிற்கிறது. குடோனுக்குச் சரக்கறை என்ற ஒரே பொருள்தான்.

கூட்டுச்சொல்: ஆயுதக் கிடங்கு, குப்பைக் கிடங்கு, தரவுக் கிடங்கு எனக் கிடங்கு எதனோடும் இயல்பாகச் சேரும். தரவுக் குடோன் என்று எவரும் எழுதார்.

ஆவணம், செய்தி, கட்டுரை ஆகியவற்றுக்குக் கிடங்கே பொருந்தும். கதைமாந்தரின் பேச்சில் குடோன் இருக்கட்டும்; அதைத் திருத்தினால் உரையாடல் செயற்கையாகிவிடும். தானியத்தைச் சிறப்பித்துச் சொல்ல வேண்டுமானால், இவ்விரண்டையும் விடக் களஞ்சியம் மேல்.