டெபியன்: டிவிடியில் புதிதாகப் போடுவதா, இருப்பதை மேம்படுத்துவதா?

டெபியன் லினக்ஸின் இன்ஸ்டாலருக்கு, அதாவது நிறுவும் நிரலுக்கு, பழைய பதிப்பைப் புதியதாக மேம்படுத்தத் தெரியாது. டிவிடியில் பூட் செய்தால் புதிதாக நிறுவ மட்டுமே வழி உண்டு. 'அப்கிரேடு' பொத்தானைத் தேடி நேரத்தைக் கழிக்க வேண்டாம். மேம்படுத்துவதெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்துக்குள் இருந்துதான். அதற்கு டிவிடி ஒரு பேக்கேஜ் (மென்பொருள் பொதி) மூட்டை, அவ்வளவே: 'ஆப்ட்-சிடிராம் ஆட்' கட்டளை கொடுத்தால், பேக்கேஜ்கள் எங்கிருந்து வரும் என்று சொல்லும் சோர்சஸ் பட்டியலில் சேர்ந்துவிடும். ஆனால் முதல் டிவிடியில் எல்லா பேக்கேஜும் இருக்காது. அதை மட்டும் நம்பி, முழுதாக மேம்படுத்தும் 'ஃபுல்-அப்கிரேடு' கட்டளையை ஓட்டினால் பாதி பழையதாக நிற்கும், சிலவற்றை நீக்கவா என்று கேட்கும். அந்த நீக்கப் பட்டியலைப் படிக்காமல் 'ஒய்' அழுத்தி டெஸ்க்டாப்பையே இழந்தவர்கள் உண்டு. இணையம் இருந்தால் சோர்சஸ் பட்டியலில் டிவிடி வரியை முடக்கிவிடுவதே மேல்.

டெபியன் 11-இலிருந்து நேரே டெபியன் 13-க்குத் தாவ முடியாது. 12 வழியாகத்தான் போக வேண்டும். வெளி ரெப்போக்களை (டெபியன் அல்லாத பேக்கேஜ் களஞ்சியங்களை) முதலில் முடக்குங்கள். 12-க்கு வரும்போது சோர்சஸ் பட்டியலில் 'நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்' பகுதியைச் சேருங்கள். சேர்க்காமல் விட்டால் வைஃபை ஃபர்ம்வேர் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) பழையதிலேயே நிற்கும். அடுத்து 'அப்டேட்', புதிய பேக்கேஜ் சேர்க்காத 'அப்கிரேடு', கடைசியில் 'ஃபுல்-அப்கிரேடு'. நடுவே கான்ஃபிக் (அமைப்பு) கோப்பை மாற்றவா என்று கேட்டால் 'டி' அழுத்தி வித்தியாசத்தைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள் தனிக்கதை. டெபியன் 12-இல் போஸ்ட்கிரெஸ் 15-ஆம் பதிப்பு வந்தாலும் தரவு பழைய போஸ்ட்கிரெஸ் 13-இலேயே கிடக்கும். தானாக உருவான காலி 15 கிளஸ்டரை (தரவுத்தளத் தொகுப்பை) நீக்கிய பிறகே 'பிஜி_அப்கிரேடுகிளஸ்டர்' ஓட்ட வேண்டும். பெயர் மாறிப் பழையதை நீக்கிவிட்டால் தரவு போச்சு. டெபியன் 11-இன் பைதான் 3.9-இல் கட்டிய விர்ச்சுவல் என்விரான்மென்ட்கள் (திட்டத்துக்கென்று தனியாக வைத்த பைதான் சூழல்கள்) டெபியன் 12-இன் 3.11-இல் ஓடாது, திரும்பக் கட்டத்தான் வேண்டும்.

புதிதாகப் போட்டே ஆக வேண்டிய இடங்களும் உண்டு. 32-பிட் நிறுவலை 64-பிட்டாக மாற்ற நேர்வழி கிடையாது; 13-இல் 32-பிட் இன்ஸ்டாலரே இல்லை. தனியாக வைத்த பூட் பார்ட்டிஷன் (கணினி துவங்கத் தேவையான கோப்புகள் உள்ள வட்டுப் பகுதி) சிறிதாக இருந்தாலும் பெரும்பாலும் இதே கதிதான்: 13-க்கு 768 எம்பி வேண்டும், அதில் ஏறக்குறைய 300 எம்பி காலியாக இருக்க வேண்டும் என்கிறார்கள்.

பயனர்களின் கோப்புகள் இருக்கும் ஹோம் தனிப் பார்ட்டிஷனாக இருந்தால் புதிதாகப் போடுவதில் பயமில்லை. இன்ஸ்டாலரில் பார்ட்டிஷன் பிரிக்க மேனுவலைத் தேர்ந்து, சிஸ்டம் இருக்கும் ரூட்டை மட்டும் ஃபார்மட் செய்து, ஹோமுக்கு மவுன்ட் பாயின்ட் (அது இணையும் இடம்) கொடுத்து 'தரவை அப்படியே வை' என்று விடுங்கள். முதல் பயனருக்கு எண் 1000, அடுத்தவருக்கு 1001; கோப்பு யாருடையது என்பது இந்த எண்ணை வைத்துத்தான். கணக்குகளைப் பழைய வரிசையிலேயே உருவாக்குங்கள், இல்லையென்றால் ஒருவர் கோப்பு இன்னொருவருடையதாகிவிடும்.